சிறு சைகையைத் தர்க்கப் படலையால் விரியலாக்குதல்: மழைத்துளி எண்ணி செய்யப் புகுவோருக்கு ஒரு வழிகாட்டி

தர்க்கப் படலை (logic gate) தன் உள்ளீட்டில் 5 வோல்ட் வந்தால் அதை 1 என்றும், 0 வோல்ட் வந்தால் அதை 0 என்றும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதிர்ந்தால் மின் எழுப்பும் பீசோ தட்டொன்றின் மேல் விழும் தூறல் துளி எழுப்புகின்ற 10 மில்லிவோல்ட்டை அது கண்டுகொள்வதே இல்லை. 5 வோல்ட் வழங்கலில் இயங்கும் சீமொஸ் (CMOS) வகை ஐசிக்கு 1.5 வோல்ட் வரை எல்லாமே 0 தான். உணரி தருவதற்கும் படலை கேட்பதற்கும் இடையிலுள்ள இந்த நூறு மடங்குக்கு மேற்பட்ட இடைவெளியை, சில ரூபாய்ப் பொருள்களைக் கொண்டு எப்படி நிரப்புவது என்பதே இக்கட்டுரையின் விடயம். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கின்றவர்களையும், வீட்டில் ஓய்வு நேரத்தில் இலத்திரனியல் பழகத் தொடங்கியிருப்பவர்களையும் மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக மழைத்துளி எண்ணியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை மாரி மழைக்குக் குறைவிராது, ஆகையால் செய்ததைச் சோதித்துப் பார்க்க வானமே உதவும். மாரி வெள்ளாமை செய்கின்ற வீடுகளில் இரவு எத்தனை மணிக்கு மழை பிடித்தது, எப்போது வலுத்தது, எப்போது விட்டது என்று அறிய ஆவல் உள்ளவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதே சுற்றை வேறு எந்தச் சிறு மின் சைகைக்கும் (signal) சிறு மாற்றங்களோடு பயன்படுத்தலாம்.

படலைக்குள் இருக்கும் விரியலாக்கி

வேலையைத் தொடங்குமுன் ஓர் அடிப்படையை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தர்க்கப் படலையும் உள்ளே ஒரு விரியலாக்கிதான், அதாவது சைகையைப் பெரிதாக்கும் சுற்றுதான். உள்ளீட்டைத் தலைகீழாக்கித் தரும் சீமொஸ் நொட் படலைக்குள் இரண்டு புல விளைவுத் திரான்சிற்றர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று வெளியீட்டை 5 வோல்ட் பக்கம் இழுக்கிறது, மற்றது 0 வோல்ட் பக்கம் இழுக்கிறது. உள்ளீடு ஏதாவதோர் ஓரத்தில் இருக்கும்போது ஒரு திரான்சிற்றர் முற்றாக மூடிக்கொள்வதால் வெளியீடும் மறு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளீட்டை நடுவில், ஏறத்தாழ 2.5 வோல்ட்டில், நிறுத்தினால் இரண்டும் சரிபாதி இழுப்போடு நிற்கும். தராசின் முள் நடுவில் நிற்கும் அந்த நிலையில் உள்ளீட்டை ஒரு மில்லிவோல்ட் அசைத்தாலும் வெளியீடு பல மில்லிவோல்ட் எதிர்த்திசையில் அசையும். தர்க்கச் சுற்றுகளில் நாம் ஒரு கணத்தில் கடந்துபோக விரும்புகின்ற அந்த நடுப்பகுதிதான் விரியலாக்கத்திற்கு வேண்டிய இடம்.

படலையை அங்கே பிடித்து வைக்க ஒரேயொரு தடையி போதும். வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு 1 மெகாஓம் தடையி ஒன்றை இணைத்துவிட்டால், வெளியீடு மேலே போனால் உள்ளீடும் மேலே இழுபடும், அதனால் வெளியீடு கீழே இறங்கும். கீழே போனால் மறுதலையாக நடக்கும். முடிவில் இரண்டும் ஒரே வோல்ட்டளவில், நடுவில், தாமாகவே அமர்ந்துவிடும். சீமொஸ் உள்ளீடு ஓட்டம் எதையும் இழுக்காததால்தான் இவ்வளவு பெரிய தடையி இங்கே செல்லுபடியாகிறது. பழைய 74 எல்எஸ் 04 போன்ற ஐசியின் உள்ளீடு ஓட்டத்தை வெளியே தள்ளும் வகையானது, ஆகவே இந்த முறை அதனிடம் பலிக்காது.

ஐசியைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது, ஆதலால் சற்று நின்று பார்க்க வேண்டும். வாங்க வேண்டியது சிடி 4069 யூபி (CD4069UB). ஆர்சிஏ நிறுவனம் 1968 இல் அறிமுகப்படுத்திய 4000 வரிசைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த ஐசிக்குள் ஆறு நொட் படலைகள் உள்ளன, 14 கால்கள், 14ஆம் கால் நேர் வழங்கல், 7ஆம் கால் கிரவுண்ட் (0 வோல்ட்). பெயரின் இறுதியிலுள்ள 'யூபி' என்ற எழுத்துகளைக் கட்டாயம் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத வகைகளில், குறிப்பாக 74 எச்சி 04 இல், ஒவ்வொரு படலைக்குள்ளும் மூன்று நிலைகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும். நயம், அதாவது பெருக்கும் மடங்கு, மிகவும் கூடிவிடுவதால் அதை நடுவில் நிறுத்த முயன்றால் அது தானாக அலையத் தொடங்கிவிடும். நீங்கள் துளியை எண்ண நினைக்க, அது தன் சொந்த அலைவைக் காட்டிக்கொண்டிருக்கும். யூபி வகையில் ஒரே நிலை மட்டும் இருப்பதால் நயம் அடக்கமாக, 5 வோல்ட்டில் ஏறத்தாழ 20 முதல் 30 மடங்காக இருக்கும். 4069 கிடைக்காவிட்டால் 74 எச்சியூ 04 உம் சரிவரும்; கால்கள் அதே ஒழுங்கில் உள்ளன, ஆனால் அதற்கு 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது.

இரண்டாவது ஐசி சிடி 40106. அது ஷ்மிட் படலைகள் ஆறைக் கொண்டது (அவற்றின் வேலை நான்காம் படியில் வரும்). கால்களின் ஒழுங்கு 4069 ஐப் போன்றதே. மற்றவை: 27 மில்லிமீற்றர் பீசோ தட்டு ஒன்று, 1 என் 4148 இருவாயி மூன்று, பிசி 547 திரான்சிற்றர் ஒன்று, எல்ஈடி ஒன்று, திருப்பி மாற்றக்கூடிய தடையியான 100 கிலோஓம் பிரீசெட் ஒன்று, தடையிகள், 103 (10 நனோபரட்) என்றும் 104 (100 நனோபரட்) என்றும் எழுதப்பட்ட சிறு கொள்ளளவிகள், 22 பிக்கோபரட் இரண்டு, 100 மைக்ரோபரட் ஒன்று, பற்றாசின்றிப் பொருத்தும் பலகையான பிரெட்போர்ட். பீசோ தட்டைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பாட்டுப் பாடும் வாழ்த்து மடல், பழுதான விளையாட்டுப் பொருள், பழைய தொலைபேசியின் மணி ஆகியவற்றுக்குள் அது இருக்கும். ஐசிகளை மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்குவிக்கலாம். அப்படிச் சொல்லி அனுப்பும்போது இலக்கத்தை 'யூபி' உட்படத் தாளில் எழுதிக் கொடுப்பது நல்லது.

முதற் படி: ஒரு படலையை நடுவில் நிறுத்துதல்

பிரெட்போர்ட்டில் 4069 ஐப் பொருத்தி, 14ஆம் காலுக்கு 5 வோல்ட்டும் 7ஆம் காலுக்குக் கிரவுண்டும் கொடுங்கள். இந்த இரு கால்களுக்கும் இடையில் 104 கொள்ளளவியை இயன்றவரை ஐசியை ஒட்டியே வையுங்கள். பிறகு 1ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் இடையில் 1 மெகாஓம் தடையியை இணையுங்கள். பயன்படுத்தாத படலைகளின் உள்ளீடுகளான 5, 9, 11, 13 ஆகியவற்றைக் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள். 3ஆம் காலையும் அடுத்த படி வரும்வரை அப்படியே கட்டி வையுங்கள். தொங்கவிடப்பட்ட சீமொஸ் உள்ளீடு காற்றிலுள்ள மின்புலத்திற்கெல்லாம் ஆடும், அந்த ஆட்டம் வழங்கல் வழியாக உங்கள் சிறு சைகைக்குள் வந்து கலக்கும்.

இப்போது மல்ரிமீற்றரின் கறுப்புக் கம்பியைக் கிரவுண்டிலும் சிவப்பை 2ஆம் காலிலும் வைத்துப் பாருங்கள். 2.3 முதல் 2.7 வோல்ட் வரை ஏதாவது காட்டினால் படலை நடுவில் நிற்கிறது என்று பொருள். 0 அல்லது 5 காட்டினால் தடையி சரியான துளையில் இல்லை, அல்லது ஐசி தலைமாறி இருக்கிறது. 1ஆம் காலை அளக்கும்போது வாசிப்புச் சற்று மாறுபட்டால் மிரள வேண்டாம். மீற்றரின் உள்தடையும் 1 மெகாஓம் தடையியும் சேர்ந்து அந்தப் புள்ளியைச் சற்று இழுக்கின்றன. ஆகவே வெளியீட்டுக் காலையே நம்புங்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஓய்வில் ஏறக்குறைய ஓட்டமே இழுக்காதது என்று பெயரெடுத்த சீமொஸ் ஐசி, நடுவில் நிறுத்தப்பட்டதும் இரு திரான்சிற்றர்களும் ஒருசேரத் திறந்திருப்பதால் தொடர்ந்து ஓட்டம் இழுக்கும், 9 வோல்ட்டில் அது இன்னும் கூடும், நயமோ குறையும். மின்கலத்தில் மாதக்கணக்காக ஓட்டப்போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். 5 வோல்ட்டே போதுமானது என்பது என் கருத்து.

இரண்டாம் படி: நயத்தை நிர்ணயித்தல்

சைகையை 1ஆம் காலுக்கு நேராகக் கொடுக்காமல், ஒரு 103 கொள்ளளவியையும் ஒரு 100 கிலோஓம் தடையியையும் தொடராக வைத்து அவற்றின் வழியாகக் கொடுங்கள். கொள்ளளவி இல்லாவிட்டால் உணரியின் 0 வோல்ட் படலையை நடுநிலையிலிருந்து கீழே இழுத்துவிடும். தடையி இரண்டு வேலை செய்கிறது: நயத்தை நிர்ணயிக்கிறது, பீசோ தட்டை யாராவது பலமாகத் தட்டினால் எழும் பெரிய வோல்ட்டளவிலிருந்து ஐசியின் உள்ளீட்டையும் காக்கிறது.

செயற்பாட்டு விரியலாக்கி படித்தவர்கள் 1 மெகாஓமை 100 கிலோஓமால் வகுத்து நயம் 10 என்று எதிர்பார்ப்பார்கள். இங்கே அது கிடைக்காது. அந்தச் சூத்திரம், உள்ளேயுள்ள விரியலாக்கியின் சொந்த நயம் மிகப் பெரிது என்ற எடுகோளில் நிற்கிறது. நம்முடைய படலைக்கோ அது 25 அளவில்தான் இருக்கிறது. அந்த 25 ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 7 ஆகும். 100 கிலோஓமுக்குப் பதிலாக 47 கிலோஓம் வைத்தாலும் எதிர்பார்ப்பது 21, கிடைப்பது 11 தான். ஆகவே ஒரே படலையிலிருந்து எல்லாவற்றையும் கசக்கி எடுக்க முயலாமல், 7 மடங்கு நிலைகளை அடுத்தடுத்து வைப்பதே ஒழுங்கான வழி. இரண்டு நிலைகள் 49 மடங்கு தரும், மூன்று நிலைகள் 340 மடங்கை எட்டும்.

எனவே 2ஆம் காலிலிருந்து இன்னொரு 103, இன்னொரு 100 கிலோஓம் வழியாக 3ஆம் காலுக்குப் போங்கள். முன்பு கட்டிய கிரவுண்ட் கம்பியை எடுத்துவிட்டு, 3க்கும் 4க்கும் இடையில் 1 மெகாஓம் வையுங்கள். ஒவ்வொரு 1 மெகாஓமுக்கும் இணையாக 22 பிக்கோபரட் கொள்ளளவி ஒன்றையும் வையுங்கள். 7 கிலோஹேர்ட்ஸுக்கு மேலுள்ளதை அது படிப்படியாகக் குறைத்துவிடுவதால் வானொலி அலைகளும் வேண்டாத அலைவுகளும் அடங்கும்.

104 ஐ விட்டு 103 ஐச் சொன்னதன் காரணம் மின் இரைச்சல். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் வயரிலிருந்து அது பீசோ கம்பிக்குள் தொற்றிக்கொள்ளும். 104 வைத்தால் 50 ஹேர்ட்ஸ் தாராளமாக உள்ளே வரும். 103 வைத்தால் ஒவ்வொரு நிலையிலும் அது பாதிக்கும் கீழே குறைகிறது. துளி விழும்போது தட்டு அதிரும் மீடிறனோ பல நூறு ஹேர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் அது பெரும்பாலும் சேதமின்றிக் கடந்துவிடுகிறது. எதைப் பெரிதாக்குவது என்பதைப் போலவே எதைப் பெரிதாக்காமல் விடுவது என்பதையும் இந்தச் சிறு கொள்ளளவிதான் தீர்மானிக்கிறது.

மூன்றாம் படி: பீசோ தட்டை இணைத்துக் கேட்டல்

தட்டின் பித்தளைப் பக்கத்தைக் கிரவுண்டுக்கும், நடுவிலுள்ள வெள்ளிப் பூச்சுப் பக்கத்தைச் சைகைக்கும் கொடுங்கள். வெள்ளிப் பூச்சில் பற்றாசு வைக்கும்போது கோலை ஒரு நொடிக்கு மேல் அழுத்த வேண்டாம்; பூச்சு உரிந்துவிடும். தட்டுக்கு இணையாக 1 மெகாஓம் ஒன்றும், ஒன்றுக்கொன்று தலைமாறிய இரண்டு 1 என் 4148 உம் வையுங்கள். அடி எவ்வளவு பலமானாலும் 0.6 வோல்ட் அளவுக்கு மேல் ஏறாதபடி இருவாயிகள் தடுக்கும். கம்பி ஓர் அடிக்கு மேல் நீளுமானால் மைக்குக்குப் பயன்படுத்தும் வலை சுற்றிய வயரையே பயன்படுத்துங்கள், வலை கிரவுண்டுக்குரியது.

அலைவுகாட்டி (oscilloscope) இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். மலிவான மல்ரிமீற்றரில் மிகக் குறைந்த ஆடல் ஓட்ட வீச்சே 200 வோல்ட்டாக இருப்பதால் அது இந்த வேலைக்கு உதவாது, ஆனால் காது உதவும். 4ஆம் காலிலிருந்து ஒரு 104 வழியாகக் கணினி ஒலிபெருக்கியின் உள்ளீட்டுக்கு இணைத்துவிட்டுத் தட்டின் ஓரத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். சுரண்டல் தெளிவாகக் கேட்க வேண்டும். விரலை 1ஆம் காலுக்கு அருகே கொண்டுபோனால் 'ம்ம்ம்' என்ற முழக்கம் எழும், விலக்கினால் தணியும். அதுதான் 50 ஹேர்ட்ஸ். விலக்கியும் தணியாவிட்டால் சுற்றை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து ரின்னைக் கிரவுண்டோடு சேருங்கள். எதையும் தொடாமலே கூரிய கீச்சொலி கேட்டால் சுற்று அலைகிறது. 4ஆம் காலின் கம்பிகளை 1ஆம் காலிலிருந்து விலக்கி, எல்லாக் கம்பிகளையும் குட்டையாக்குங்கள். இரண்டு நிலைகள் கடந்த சைகை முதற் சைகையின் அதே திசையில் இருப்பதால், வெளியீட்டின் சிறு துளி உள்ளீட்டுக்குக் கசிந்தாலும் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஒரு பக்கவழியும் திறக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனின் ஓசையைத் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது நம் ஊர் வழக்கம். தட்டை நீர் புகாதபடி சிலிக்கன் பசையால் மூடி வாவிக்குள் இறக்கினால், இதுவரை செய்த இரண்டு நிலைகளே அந்த ஓசையைத் தேடப் போதுமான நீர்மைக் ஆகிவிடும். அதற்கு மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கியை மட்டுமே கொண்டுபோங்கள்.

நான்காம் படி: மீண்டும் 0, 1 ஆக்குதல்

பெரிதாக்கிய சைகை இன்னும் தர்க்கச் சைகை ஆகவில்லை. ஒரு துளி விழுந்ததும் தட்டு பல தடவை அதிர்ந்து ஓய்கிறது. அதைச் சாதாரணப் படலைக்குக் கொடுத்தால் ஒரு துளிக்குப் பத்து, இருபது என்று எண்ணும். இங்கேதான் ஷ்மிட் படலை வருகிறது. ஓட்டோ ஷ்மிட் 1934 இல் பட்டப்பின் மாணவராக இருந்தபோது, கணவாய் மீனின் நரம்பில் மின்துடிப்பு ஓடும் விதத்தை ஆராய்கையில் கண்ட யோசனை இது: ஏறும்போது ஒரு வாசல், இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த வேறொரு வாசல். 40106 இல் 5 வோல்ட் வழங்கலில் ஏறுவாசல் ஏறத்தாழ 2.9 வோல்ட், இறங்குவாசல் ஏறத்தாழ 1.9 வோல்ட். இரண்டுக்கும் இடைப்பட்ட சிறு நடுக்கங்களை அது பொருட்படுத்தாது. ஐசிக்கு ஐசி இவ்வளவுகள் கணிசமாக மாறுபடும் என்பதால் பிரீசெட் வைத்துச் சரிசெய்கிறோம்.

பிரீசெட்டின் இரு ஓரங்களை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்து, நடுக்காலிலிருந்து 1 மெகாஓம் வழியாக 40106 இன் 1ஆம் காலுக்கு இணையுங்கள். 4069 இன் 4ஆம் காலிலிருந்து ஒரு 103 உம் ஒரு 10 கிலோஓமும் தொடராக அதே 1ஆம் காலுக்கு வரட்டும். பிரீசெட்டின் நடுக்காலில் 1.2 வோல்ட் வரும்படி திருப்பி வையுங்கள். இப்போது சைகை 1.7 வோல்ட் ஏறினால் மட்டுமே படலை திரும்பும். 49 மடங்கு நயத்தோடு பார்த்தால் தட்டில் 35 மில்லிவோல்ட் தருகின்ற துளியே எண்ணப்படும். உணர்திறன் கூட வேண்டுமென்றால் பிரீசெட்டைச் சிறிது சிறிதாக மேலே கொண்டுபோங்கள், ஆனால் 1.8 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் படலை ஒருமுறை திரும்பிய பிறகு பழைய நிலைக்கு வராமல் நின்றுவிடக்கூடும். அதற்கும் அடங்காத மெல்லிய தூறலுக்கு 4069 இல் 5, 6 ஆம் கால்களைக் கொண்டு மூன்றாம் நிலையைச் சேருங்கள். முதலில் இரண்டோடு நன்றாக இயங்கச் செய்துவிட்டுத்தான் மூன்றாவதைத் தொட வேண்டும்.

அதிர்வுகளை ஒரே துடிப்பாக்க 40106 இன் இரண்டாவது படலை உதவும். 2ஆம் காலில் 1 என் 4148 இன் கோடிட்ட முனையும், 3ஆம் காலில் மறுமுனையும் இருக்கட்டும். 3ஆம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 470 கிலோஓம், கிரவுண்டுக்கு 104. துளி விழுந்ததும் கொள்ளளவி சட்டென்று வெறுமையாகி, பின்னர் தடையி வழியாக மெதுவாக நிரம்புவதால், 4ஆம் காலில் அதிர்வு ஓய்ந்தபின் ஏறத்தாழ 35 மில்லிசெக்கன் நீடிக்கும் தெளிவான ஒற்றைத் துடிப்பு கிடைக்கும். 4000 வரிசை வெளியீட்டால் 5 வோல்ட்டில் எல்ஈடியைப் பிரகாசமாக எரிக்க முடியாது. ஆகவே 4ஆம் காலிலிருந்து 10 கிலோஓம் வழியாகப் பிசி 547 இன் அடிவாய்க்குக் கொடுத்து, சேகரிப்பானில் 470 ஓமோடு எல்ஈடியை வையுங்கள். இந்த ஐசியிலும் மீதியுள்ள உள்ளீடுகளான 5, 9, 11, 13 ஐக் கிரவுண்டில் கட்ட மறக்க வேண்டாம்.

விரியலாக்கும் படலைகளையும் திரும்பும் படலைகளையும் ஒரே ஐசிக்குள் வைக்காததற்குக் காரணம், திரும்பும் படலை வழங்கலில் எழுப்பும் குத்துகள் மில்லிவோல்ட் சைகையை மூழ்கடித்துவிடும் என்பதே. அதே காரணத்திற்காக 4069 இன் 14ஆம் காலுக்கு 5 வோல்ட்டை 100 ஓம் வழியாகக் கொடுத்து, அந்தக் காலில் 100 மைக்ரோபரட்டைக் கிரவுண்டுக்கு வையுங்கள். கைத்தொலைபேசிச் சார்ஜரிலிருந்து வழங்கல் எடுப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

எண்ணுவதற்கு ஆர்டுயினோ ஊனோ என்ற நிரலெழுதும் சிறு பலகை இருந்தால், 40106 இன் 4ஆம் காலை அதன் 2ஆம் காலுக்குக் கொடுத்து, ஏறும் விளிம்பில் குறுக்கீடு (interrupt) எழும்படி நிரல் எழுதி, ஒவ்வொரு நிமிடத்திற்கும் எத்தனை துளி என்று பதிந்துகொள்ளலாம். துடிப்பு 35 மில்லிசெக்கன் என்பதால் ஒரு செக்கனில் 28 துளிகளுக்கு மேல் பிரித்தறிய முடியாது. கொட்டும் மழையில் துடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணிக்கை தேங்கிவிடும். பெறும் பரப்பைச் சிறிதாக்கினால் இந்தக் குறை தணியும். துளிகளின் பருமன் மாறுபடுவதால் இந்த எண்ணிக்கையை மில்லிமீற்றர் மழையாக மாற்றிச் சொல்வதும் தவறு.

ஐந்தாம் படி: வெளியே வைத்தல்

பால்மா ரின்னின் மூடியின் உட்புறத்தில் தட்டைப் பசையால் முழுப்பரப்பும் ஒட்டும்படி ஒட்டி, கம்பி இணைப்புகளைச் சிலிக்கன் பசையால் மூடுங்கள். மூடியைச் சற்றுச் சரித்து வைத்தால் நீர் தேங்காது. தேங்கினால் அடுத்த துளிகளின் அடி மந்தமாகிவிடும். மர இலைகளிலிருந்து சொட்டும் நீர் படாத இடமாகப் பாருங்கள்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலை ஒட்டி வாழ்கின்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றும் மாரி ஈரமும் சேர்ந்து பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகின்றன. சாதாரணச் சுற்றில் அதனால் கேடில்லை. ஆனால் 1 மெகாஓம் தடையிகளில் தங்கியிருக்கும் இந்தச் சுற்றில் அப்படலமே இன்னொரு தடையி போல இயங்கி, 2.5 வோல்ட்டில் நிற்க வேண்டிய காலை வேறெங்கோ இழுத்துவிடும். நேற்று இயங்கியது இன்று இயங்காவிட்டால், ஐசியைக் குறைசொல்லுமுன் 2ஆம், 4ஆம் கால்களின் வோல்ட்டளவை முதலில் அளந்து பாருங்கள். நிரந்தரமாக வைப்பதாயின் பிரெட்போர்ட்டை விட்டு வெரோபோர்ட்டுக்கு மாற்றி, பற்றாசு வேலை முடிந்ததும் பிசின் கறையை ஐசோப்புரொப்பைல் அற்ககோலால் துலக்கி, நன்றாகக் காயவிட்டு, இரண்டு பூச்சு வார்னிஷ் பூசுங்கள். ஒக்டோபர், நவம்பர் நாட்களில் இடிமின்னல் மிகுதி. முற்றத்திலிருந்து வீட்டுக்குள் வரும் நீண்ட வயர் மின்னலின் தாக்கத்தை உள்ளே கொண்டுவரும். ஆகவே முழக்கம் கேட்கத் தொடங்குமுன்பே வானத்தைப் பார்த்து வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள், கேட்கத் தொடங்கியபின் அதைத் தொடப் போகாதீர்கள்.